தாடித் தாத்தாவும் தியாகராய நகரும்

எலேய் பேராண்டி, லஸ் பக்கம் ஏதோ ஹால்ல நீ பேசப்போறியாமே? "உலகமயத்தைப் புரிஞ்சுக்க கார்ல் மார்க்ஸ் இன்னைக்கும் உதவுவாரா?"ன்னு தலைப்பாம். உங்கம்மா சொன்னா. "அப்பா, அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லுங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரூம்ல லைட் எரியுது"ன்னு ஒரே விசனம். "விடு தாயி, ஆபீஸ் சோலிக்கு ரெண்டு மணி வரைக்கும் முழிச்சா தெருவெல்லாம் பெருமை பேசுதே, தாடிக்காரருக்கு முழிச்சா மட்டும் கெட்டுப்போயிருவானாக்கும்"னு சொல்லி அனுப்பிவச்சேன்.

நான் கோவில்பட்டியில பருத்திக் கமிஷன் கடையில கணக்கு எழுதினவன். பொருளாதாரம் படிச்சவன் இல்லை. ஆனா பஞ்சு விலை சரிஞ்சா எந்த வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போகும்னு அன்னைக்கே சொல்லிருவேன். அந்தத் தகுதி போதும்னு வச்சுக்கோ. காதுல சொருகியிருக்க அந்த வெள்ளைச் சாமானைக் கழட்டிட்டு இப்படி உக்காரு.

மொதல்ல கேக்க வாரவங்களைப் பத்திச் சொல்லுதேன். ஒரு வகை, நாகேஸ்வர ராவ் பூங்காவுல காலையில கையை வீசி நடக்க பெரிய மனுசங்க. "மார்க்ஸா? சோவியத்தோட சேத்து 1991லயே எடுத்துப் போட்டாச்சே"ம்பாங்க. மூணாவது சுத்துல அதே வாயி, "டிரம்ப் புது எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர்னுட்டானே, இது அக்கிரமம் இல்லையா? துட்டு மட்டும் விசா இல்லாம உலகம் பூரா பறக்கலாம், எம் பிள்ளை பறக்கக்கூடாதா?"ன்னு பொருமும். அந்தக் கேள்வியைக் கேட்டவன் பாதி மார்க்ஸ் படிச்சு முடிச்சவன்னு அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லிராதே, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுத ஆளு.

இன்னொரு வகை உன் சேக்காளிங்க. தாடிக்காரர் படம் போட்ட சட்டை போட்டிருக்கானே ஒருத்தன், அவன் சட்டைக் காலரைத் திருப்பிப் பாத்தியா? திருப்பூர்ல தைச்சது. 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டப்ப அங்க எத்தனை மெஷின் சத்தம் கொறஞ்சுதுன்னு சட்டைக்காரனைக் கேளு. வர்க்கம், உபரின்னு அரை மணி நேரம் பேசுவான். திருப்பூருக்கு எந்த பஸ் போகும்னு தெரியாது.

ரெண்டு பேருக்கும் நடுவுல நீ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப்போற. அதான் பாவமா இருக்கு.

அந்த மார்க்ஸ் 1818ல ஜெர்மனியில டிரியர்ங்கிற ஊர்ல பொறந்தவரு. 1848ல எங்கெல்ஸோட சேந்து கம்யூனிஸ்ட் அறிக்கையை எழுதும்போது அவருக்கு முப்பது நெறையலை. உன் வயசு. நீ இந்த வயசுல எழுதின பெரிய காவியம் லீவ் லெட்டர். அவரு என்ன சொன்னாரு? சரக்கு விக்க இடம் தேடி மொதலாளி பூமி பூரா அலைவான். போற எடத்துலயெல்லாம் கூடு கட்டுவான். குண்டு போடாமலே விலையைக் கொறச்சே உள்ள வந்துருவான். பாட்டன் பூட்டன் பாத்த தொழிலு படுத்துக்கும், காணாத தேசத்துப் பொருளுக்கு நாக்கு ஊறும். ரயிலே புதுசா ஓடிக்கிட்டிருந்த காலத்துல இதைச் சொல்லியிருக்காரு. இதை நான் பாண்டி பஜார்ல நடைமேடை பெஞ்சுல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். எதிர்த்த கடையில இருந்த பேருல ஒண்ணுகூட என் வாயில நொழையலை. ஆனா உள்ள போய்வந்த அத்தனை பேரும் நம்ம ஊரு சனம்.

உங்க கணக்குல உலகமயம் 1991ல ஆரம்பிச்சுது. மன்மோகன் சிங் கதவைத் தொறந்தாரு, காத்து வந்துதுன்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கிட்ட. மெட்ராஸ்ங்கிற ஊரு எதுக்குலே உண்டாச்சு? 1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்க எடம் வாங்கினது கடக்கரைக் காத்து வாங்கவா? துணிக்கு! இந்தப் பக்கத்துத் துணி சகாயமா கிடைக்கும்னு வந்தான். அவனுக்கு முன்னாலயே மயிலாப்பூர்ல சாந்தோம் பக்கம் போர்ச்சுகீசியன் குடியேறி யாவாரம் பாத்துக்கிட்டிருந்தான். 1734ல நெசவாளிகளைக் கொண்டாந்து குடிவைக்கணும்னே சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினான் வெள்ளைக்காரன். தறிச் சத்தத்துல பொறந்த ஊருலே இது. கபாலி கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு உலகமயம் நேத்து வந்துதுன்னு சொன்னா குளத்து மீனு சிரிக்கும்.

அடுத்த நூறு வருசத்துல ஆட்டம் திரும்பிருச்சு. மான்செஸ்டர்ல நீராவி மெஷின் ஓடி, இங்கயிருந்து துணி போன கப்பல்ல அங்கயிருந்து துணி வர ஆரம்பிச்சுது. கைத்தறிக்காரன் கதி கலங்கிப்போச்சு. இதை மார்க்ஸ் 1853ல லண்டன்ல இருந்துக்கிட்டு, நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகைக்கு எழுதுதாரு. இந்தியாவை ஒருநாள்கூட கண்ணால பாக்காதவரு. துணிக்குத் தாய்வீடான நாட்டுலயே சீமைத் துணியைக் கொட்டி நெறச்சுட்டாங்கன்னு வெவரமா எழுதியிருக்காரு. இங்கிலீஷ்காரன் பண்ணுதது கொள்ளைன்னும் சொன்னாரு. அதே கொள்ளைக்காரன் தெரியாமலே பழைய அடைசல் எல்லாத்தையும் ஒடைக்கான்னும் சொன்னாரு. இதனோட பலன் இந்தியாக்காரனுக்குக் கிடைக்கணும்னா, ஒண்ணு இங்கிலாந்துத் தொழிலாளி அங்க ஆட்சியைப் பிடிக்கணும், இல்லை நம்மாளுங்களே நுகத்தடியைத் தூக்கி எறியணும்னு 1857க்கு நாலு வருசம் முந்தியே எழுதிட்டாரு. கெட்டிக்காரருதான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, அதை ஒங்க சேக்காளிங்க சொல்ல மாட்டாங்க. மார்க்ஸ் வீட்டுல அடுப்பு எரிஞ்சது யாரு துட்டுல? எங்கெல்ஸ் துட்டுல. எங்கெல்ஸுக்குத் துட்டு எங்கயிருந்து வந்துது? அவங்கப்பா பங்கு வச்சிருந்த மான்செஸ்டர் நூல் கம்பெனியில இருந்து. 1869 வரைக்கும் அங்க உக்காந்து கணக்குப் பாத்திருக்காரு அந்த மனுசன், என்னை மாதிரி. 'மூலதனம்' மொதல் பாகம் 1867ல வந்துது. நம்ம நெசவாளி வயித்துல அடிச்ச அதே பஞ்சுத் தொழிலே, அதை எழுதிவச்ச ஆளுக்கும் படியளந்திருக்கு. இதைக் கேட்டு நீ முகத்தைச் சுளிக்க வேண்டாம். நான் மெச்சித்தான் சொல்லுதேன். கடன் வாங்கின துட்டுல கடன் குடுத்தவனையே கணக்குத் தீத்தவரு வேற யாரு?

எங்க கரிசக்காட்டுக்கும் அந்த மான்செஸ்டருக்கும் சம்பந்தம் உண்டு. 1861ல அமெரிக்காவுல உள்நாட்டுச் சண்டை வந்துது. அங்கயிருந்து பஞ்சு வரலை. மான்செஸ்டர்க்காரன் இந்தியப் பஞ்சுக்குப் பறந்தான், விலை எகிறிச்சு. திருநெல்வேலிப் பருத்தியும் தூத்துக்குடி வழியா கப்பலேறிச்சு. 1865ல அங்க சண்டை ஓய்ஞ்சுது, இங்க விலை தொப்புனு விழுந்துது. எவனோ ரெண்டு பேரு கண்காணாத தேசத்துல சுட்டுக்கிட்டதுக்கும், அவங்க சமாதானமாப் போனதுக்கும் நம்ம சம்சாரிதான் மொய் எழுதினான். நீ இதை 'குளோபல் சப்ளை செயின்'ங்க. நாங்க அதை வயித்தெரிச்சலும்போம்.

சரி, புகழ்ந்தது போதும், இனி இடிக்க வேண்டிய எடத்துல இடிக்கேன். மார்க்ஸ் பஞ்சாங்கம் மாதிரி. மழை வரும்னு சொன்னது பலிச்சிருக்கு. எந்தத் தெருவுல தண்ணி நிக்கும்னு அதுல போடலை.

ரயிலு வந்தா, அது இழுத்துட்டு வார தொழிலெல்லாம் சாதியைக் கரைச்சுரும்னு அதே 1853ல எழுதினாரு. 1856 ஜூலை 1ந் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயிலு கெளம்பிச்சு. சாதி என்ன செஞ்சுது தெரியுமா? டிக்கெட் வாங்கி உள்ள ஏறி சன்னலோரம் உக்காந்துக்கிட்டுது. இன்னும் எறங்கலை.

1921ல பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லு வேலைநிறுத்தத்தைப் படி. மொதலாளி ஒருத்தன்தான். கூலியும் ஒரே மில்லுக் கூலிதான். ஆனா ஆதிதிராவிடத் தொழிலாளி ஒரு பக்கம், சாதி இந்துவும் முஸ்லிமும் இன்னொரு பக்கம்னு பிரிஞ்சு, புளியந்தோப்புல குடிசை எரிஞ்சு, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு. உலகத் தொழிலாளிங்க ஒண்ணு சேரணும்னு அவரு சொன்னாரு. ஒரே மில்லுத் தொழிலாளிங்க ஒரே பைப்புல தண்ணி பிடிக்க முடியாத ஊருல அதைச் சொன்னா என்ன ஆகும்னு அவருக்குச் சொல்ல ஆளில்லை. 1931ல அந்த அறிக்கையைத் தமிழ்ல 'குடி அரசு'ல போட்ட பெரியாரு இந்த எடத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடைசி வரை சண்டை போட்டாரு.

அந்த மில்லுல சங்கம் வந்த கதை இன்னும் சொகமான கதை. 1918 ஏப்ரல் 27ல சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டாச்சு, நாட்டுலயே ஒழுங்கா அமைஞ்ச மொதல் தொழிற்சங்கம்பாங்க. தலைவரு யாரு, மார்க்ஸைக் கரைச்சுக் குடிச்சவரா? கெடையாது. அடையாறு பிரம்மஞான சபைக்காரரு, பி.பி. வாடியா, அன்னிபெசன்ட் அம்மாவோட ஆளு. கூட திரு.வி.க.வும் நின்னாரு. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும்தான் வாடியாகிட்ட மில்லு சங்கதியை எடுத்துட்டுப் போனவங்க. மறுபிறவியில நம்பிக்கை உள்ள மனுசன், இந்தப் பிறவியிலயே கூலியை ஒசத்துன்னு கேட்டாரு பாரு! மில்லை நடத்தின பின்னி கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குப் போயி அவரைக் கட்டிப்போட்டுது. அந்த வழக்கு கிளப்பின பொகையிலதான் 1926ல தொழிற்சங்கச் சட்டமே வந்துது. மார்க்ஸ் நேரா வந்து எறங்கினது சங்கம் வந்ததுக்கப்புறம். அயோத்தியாகுப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, வக்கீல் சிங்காரவேலர், 1923 மே 1ந் தேதி திருவல்லிக்கேணிக் கடக்கரையிலும் உயர்நீதிமன்றக் கடக்கரையிலும் கூட்டம் போட்டு, இந்தியாவுலயே மொதல் மே தினம் கொண்டாடினாரு. அவரு போட்ட கட்சிக்குத் தொழிலாளி பேரும் உண்டு, விவசாயி பேரும் உண்டு.

இப்ப தி.நகருக்கு வா. தியாகராயர் பேருல உள்ள ஊரு. அந்தப் பிட்டி தியாகராயரும் தறி வச்சுத் துணி நெஞ்சவருதான். இங்க வைத்தியராமன் தெருவுல மார்க்சிஸ்ட் கட்சிக்கு மாநில ஆபீசு. செவாலியே சிவாஜி கணேசன் சாலையில இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு பாலன் இல்லம். தாடிக்காரருக்கு இந்த ஊருல ரெண்டு வீடு. ரெண்டுல இருந்தும் பைய நடந்தா ரங்கநாதன் தெரு. நாட்டுலயே நெரிசலான கடைத்தெருவுல ஒண்ணை வாசல்ல வச்சுக்கிட்டு மூலதனத்துக்கு வகுப்பு நடத்துததுக்கு ஒரு தெம்பு வேணும். தீவாளி சமயத்துல தோழர் வீட்டம்மாவும் அங்கதான் சீலை எடுக்காங்க, அதைக் குத்தம் சொல்லலை.

அந்தத் தெருவுல பொருள் எப்படி விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆளு எப்படி வந்துதுன்னு பாரு. தெக்கத்திக் கிராமத்துல இருந்து, ஊர்க்காரன், சொந்தக்காரன், சாதிக்காரன்னு கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து, தங்க எடமும் சோறும் குடுத்து, நிக்கவச்ச பிள்ளைங்க. வசந்தபாலன் 2010ல 'அங்காடித் தெரு'ன்னு படமே எடுத்தாரு. உலகச் சந்தை உள்ளூர் சாதியை அழிக்கும்னு எதிர்பாத்தா, அது சாதியையே ஆள்பிடிக்கும் ஆபீசா வச்சுக்கிட்டுது. இப்ப அந்தப் பிள்ளைங்களும் கொறஞ்சு, வடக்கேயும் வடகிழக்கேயும் இருந்து வந்த பிள்ளைங்க தமிழ்ல "வாங்கக்கா"ங்குது.

விக்கிறவன் உக்காரலாமான்னு ஒரு கேள்வி உண்டு. 2021ல தமிழ்நாட்டு சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டாந்துது, கடையில வேலை பாக்கவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு. யோசிச்சுப் பாரு, உக்காருததுக்கு ஒரு சட்டம்! மார்க்ஸ் தடித் தடியா எழுதினதுல, வேலைநாள் எவ்வளவு நேரம்னு ஒரு நீள அத்தியாயம் இருக்கு. உபரி, விகிதம்னு கணக்கு வாரப்ப நீ தூங்கிருவ. அந்த அத்தியாயத்தை மட்டும் படி. இங்கிலாந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் அறிக்கையா அடுக்கி, சாப்பாட்டு நேரத்துல அஞ்சு அஞ்சு நிமிசமா எப்படித் திருடுதாங்கன்னு எழுதியிருப்பாரு. தமிழ்ல தியாகு செயில்ல இருந்துக்கிட்டு மொழிபெயர்த்த புத்தகம்டே. நீ ஏசியில இருந்துக்கிட்டு இருவது பக்கம் தாண்டலை.

அந்த அத்தியாயம் பழசாப்போச்சுன்னு எவனாவது சொன்னா 2023ஐ ஞாபகப்படுத்து. ஏப்ரல் 21ந் தேதி சட்டமன்றத்துல பன்னெண்டு மணி நேர வேலைக்கு வழிவிடுத மசோதா நெறவேறிச்சு. கூட்டணிக்காரங்களே வெளிநடப்பு. 24ந் தேதி நிறுத்திவச்சாங்க. மே 1ந் தேதி, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவுல நின்னுக்கிட்டு, வாபஸ்னு முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சாரு. நெசவாளிக்குன்னு கட்டின அதே பேட்டை, பாத்தியா. புது ஃபேக்டரி வரணும்னா நேரத்தை எளக்கிக் குடுக்கணும்னு உலகக் கம்பெனி கேக்கும். எளக்கினா ஓட்டு எளகிரும். அந்தப் பத்து நாளைக்குள்ள உன் தலைப்பு பூராவும் அடங்கிப்போச்சு. இதைச் சொல்லி உக்காந்தாலே போதும், ஆனா அவ்வளவு சீக்கிரம் உக்காந்தா பேச்சாளர்னு மதிக்க மாட்டாங்க.

ஸ்ரீபெரும்புதூரைத் தொடாம விடாதே. நோக்கியா போன் ஃபேக்டரி 2006ல அங்க வந்துது, நல்லா ஓடின காலத்துல சுமாரா 8,000 பேருக்கு வேலை. 2014 நவம்பர் 1ல பூட்டு. வரி வழக்கு ஒரு பக்கம், கம்பெனி கைமாறினது இன்னொரு பக்கம். துட்டுக்கு ரெக்கை உண்டு, அந்தப் பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் பெட்டிதான் உண்டு. சாம்சங்ல 2024 செப்டம்பர் 9ல இருந்து 37 நாளு ஆயிரம் பேருக்கு மேல வெளியில உக்காந்தாங்களே, என்ன கேட்டாங்க? கூலியும் கேட்டாங்கதான், ஆனா கொரவளையில சிக்கினது ஒண்ணு: எங்க சங்கத்தை சங்கம்னு சொல்லுங்கன்னு. 1918ல பெரம்பூர்ல கேட்டதும் இதையேதான். சங்கத்துக்குப் பதிவு 2025 ஜனவரியில கெடச்சுது. கொரியாக்காரன் கம்பெனி நாட்டுக்குள்ள வந்துருச்சு, சங்கத்துக்கு மட்டும் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்துது.

நம்ம சர்க்காரோட சாமர்த்தியத்தையும் கொஞ்சம் ரசிச்சுக்கோ. 2024 ஜனவரியில நந்தம்பாக்கத்துல உலக முதலீட்டாளர் மாநாடு; ரூ.6.64 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம்னாங்க. 2025 ஏப்ரல் 3ல சட்டமன்றத்துல அறிவிப்பு: சென்னையில கார்ல் மார்க்ஸுக்குச் சிலை. மொதலாளிக்கு ரத்தினக்கம்பளம், மொதலாளியைத் திட்டினவருக்குச் சிலை. கேலியில்லைடே. ரெண்டு பக்கமும் மனசு நோகாம பாத்துக்கிட்டாத்தான் குடும்பம் நடக்கும்னு எந்தச் சம்சாரிக்கும் தெரியும். ஜெர்மன்காரரு இதை எந்தப் பாகத்துல எழுதினாருன்னு தேடிப்பாரு, கெடைக்காது.

கிக் தொழிலாளியைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்னு ஒருத்தன் கேப்பான், அதுக்குத் தயாரா இரு. அடையாறு எல்.பி. ரோட்டுல மழையில நனைஞ்சுக்கிட்டு சோத்துப் பொட்டலத்தோட நிக்க பையனுக்கு மொதலாளி யாரு? போனா? வண்டி அவனுது, பெட்ரோல் அவனுது, நேரமும் அவனுதுங்காங்க. மூலதனத்துல துண்டுக்கூலிக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. எண்ணிக்கைக்குக் கூலி குடுத்தா மேஸ்திரியே தேவையில்லை, வேலைக்காரனே தன்னை வெரட்டிக்குவான், வேலை நேரத்தையும் அவனே நீட்டிக்குவான்னு அதுல சொல்லியிருக்காரு. அந்தப் பையன் ஏன் சிவப்பு விளக்குல நிக்காம போறான்னு இப்ப தெரியுதா? 2023ல அவங்களுக்கு நலவாரியம் வந்துது. 2025ல அண்ணா நகர்ல மாநகராட்சி ஏசி போட்ட ஓய்வறை தொறந்துச்சு. உக்கார எடம் கெடச்சுது. உக்காந்தா அன்னைக்குக் கூலி போச்சு.

இனி உன் சங்கதி. உனக்குக் கோவம் வரும், வரட்டும். நீ தொழிலாளி இல்லை, அசோசியேட்டு. உன் மேஸ்திரி மேஸ்திரி இல்லை, லீடு. கூலி இல்லை, பேக்கேஜு. சனிக்கிழமை ராத்திரி அமெரிக்காக்காரன் கூப்பிட்டா ஓடுதியே, அதுக்கு ஓவர்டைம் இல்லை, ஓனர்ஷிப்பாம். ஓனர்ஷிப் உனக்கு, ஓனர் வேற ஆளு. பெரம்பூர் மில்லுக்காரனுக்கு சங்கு ஊதினா வேலை முடிஞ்சுது. உனக்கு அந்தச் சங்கும் இல்லை.

ஹால்ல பூராவும் உன்னை மாதிரி ஆளுங்கதான் வருவாங்க, தரமணிக்கும் சோழிங்கநல்லூருக்கும் போறவங்க. மார்க்ஸ் செல்லுமா செல்லாதான்னு கடைசியில எவனாவது எந்திரிச்சு உறுதியா ஒரு பதில் கேப்பான். நீ பதில் சொல்லாதே. ஐ.டி. ஊழியருக்கும் சங்கம் வைக்க உரிமை உண்டுன்னு 2016லயே தமிழ்நாட்டு அரசு தெளிவாச் சொல்லியிருக்கு, உங்க ஆபீசுல எத்தனை பேரு வச்சிருக்கீங்கன்னு திருப்பிக் கேளு. கேட்டுட்டு மேடையில இருந்து பாரு, எத்தனை பேரு குனிஞ்சு நாற்காலிக்கு அடியில செருப்பைத் தேடுதாங்கன்னு. மொதல் ஆளா எந்திரிக்கிறவன் உங்க லீடா இருந்தான்னா எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.